மூன்றாவது கண்ணாடி

கூப்பிட்டால் "என்னத்தா" என்று திரும்பிப் பார்க்கும் என் ராசாங்கம் அண்ணனுக்கு,

இன்று காலை பத்து மணி இருக்கும். ஸ்கேன் சென்டரில் ஒரு முதுகெலும்பு எக்ஸ்ரேயைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு இருட்டறையை விட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் தவமணி மச்சான் உட்கார்ந்திருந்தார். அண்ணியின் தம்பி கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருந்தால் கெட்ட சேதி என்றுதானே தோன்றும்?

"யாருக்கு என்ன மச்சான்?" என்றேன்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல பேச்சி. ஆத்தாளுக்குத்தான். கண்ணாடியில ஒரு மூலை காப்பிக் கறை மாதிரி ஆயிருச்சு. போன மாசம் நகக்கண் அளவுதான் இருந்துச்சு. இப்ப இம்புட்டு" என்று கட்டைவிரலைக் காட்டினார். "பூசாரி பயந்துபோயிட்டாரு. முகத்துக்கு வந்துருமான்னு கேட்கிறாரு."

எனக்கு என்ன தெரியும் அண்ணே? நீ இருந்தால் இரண்டு வார்த்தையில் சொல்லியிருப்பாய். யாரையாவது விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"இன்னொண்ணு. அக்கா வர்ற வெள்ளிக்கிழமை ஊருக்கு வாரேன்னு சொல்லுது. அந்தக் கண்ணாடியப் பார்க்கணுமாம். உன்னையும் கூட்டிக்கிட்டு வாரேன்னுச்சு."

 கறையைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். இன்று மதியம்வரை உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் கல்லூரிச் சிநேகிதர்கள் போடப்போகும் நினைவு மலருக்குத்தான் இதை எழுதுகிறேன். உன்னை இயற்பியல் வாத்தியாராக மட்டும் அறிந்தவர்கள் படிப்பார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அண்ணியின் ஊர் அம்மன் ஒரு சாண் உயரம்கூட இருக்க மாட்டாள். பழைய வெண்கலம். இரண்டு வருசத்துக்கு முன்னால் கோவில் பூட்டை யாரோ அறுத்துவிட்டார்கள். உள்கதவு இரும்பு, அதனால் அம்மன் தப்பினாள். ஊர்க் கூட்டம் போட்டு, அவளை அரசாங்கத்தின் சிலைக் காப்பறைக்கு அனுப்பிவிடுவது, திருவிழாவுக்கு மட்டும் போலீஸ் காவலோடு கொண்டுவருவது என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். நீ அந்த ஊர் மருமகன். ஒரு ஓரத்தில் நின்றிருந்தவன் சும்மா இருந்தாயா?

"நான் ஆத்தாள ஒரு கண்ணாடியில எறக்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டாய்.

"போட்டோதான் இருக்கே மாப்ள" என்றார்கள்.

"போட்டோ இல்ல. பக்கத்துல நகர்ந்து பார்த்தா காது தெரியும். குனிஞ்சு பார்த்தா தாடைக்கு அடியில தெரியும். கண்ணாடிக்குப் பின்னால ஆத்தா நிக்கிற மாதிரியே இருக்கும். கையை விட்டுத் தேடினா ஒண்ணும் இருக்காது."

அதற்குப் பேர் ஹோலோகிராம் என்று எனக்கு விளக்க, என்னை வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்காரவைத்தாய். தெப்பத்துக்காகத் தண்ணீர் நிறைத்திருந்த சமயம். இரண்டு கல்லைத் தள்ளித் தள்ளிப் போட்டாய். இரண்டு வளையமும் வந்து ஒன்றோடு ஒன்று மோதிய இடத்தைக் காட்டி, "இந்த மோதலை அப்படியே உறைய வச்சுட்டா, எந்தக் கல்லு எங்க விழுந்துச்சு, எம்புட்டுப் பெருசுன்னு பின்னால கண்டுபிடிச்சிறலாம். வெளிச்சமும் அலைதான் பேச்சி. சாதாரண போட்டோ வெளிச்சம் கூடக்குறைய விழுந்ததை மட்டும் எழுதிக்கும். இது எந்தப் பக்கமிருந்து வந்துச்சுங்கிறதையும் சேர்த்து எழுதிக்கும்" என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மருந்து பூசிய கண்ணாடியை இருட்டில் கழுவ ஆள் வேண்டும் என்றாய். அது என் வேலை. சரி என்றேன்.

வெளியூர் ஆராய்ச்சிக்கூடத்தில் உனக்குத் தெரிந்தவர் மிச்சம் இருந்த மூன்று கண்ணாடியைத் தந்தார். மூன்றுதான். பூசாரி ஒரு நிபந்தனை போட்டார்: அம்மன் காப்பறைக்குப் போகும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆகவே லேசரும் லென்சும் நாமும்தான் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. திங்கள்கிழமை அம்மனைக் கூட்டிப்போக ஆட்கள் வருகிறார்கள். நமக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல். அன்றைக்குத்தான் கல் குவாரிக்கு லீவு, வெடிச்சத்தம் இருக்காது.

கம்பளியில் சுற்றிய லேசரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலூர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். பஸ் குலுங்கும்போதெல்லாம் நீ மூச்சை இழுத்துப் பிடித்தாய். அதைக்கூட நான் லேசருக்காக என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்து அறையில் ஸ்கூட்டர் டியூபுகளைப் பாதிக் காற்றில் பரப்பி, அதன்மேல் குவாரியில் அறுத்த கருங்கல் பலகை ஒன்றை ஆறு பேர் தூக்கி வைத்தார்கள். தரையின் அதிர்ச்சி மேலே ஏறக் கூடாது. ஜன்னல்களில் கம்பளி. ஃபேன் கூடாது, பேச்சு கூடாது. "தலைமுடிப் பருமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஆடினாப் போதும், ஒண்ணுமே விழாது" என்றாய். சித்திரை வெயிலில் அடைத்த அறைக்குள் நீ, நான், பூசாரி, தவமணி மச்சான். நாலு பேருக்கும் வேர்வை ஓடியது. அதனால்தான் உன் வேர்வை எனக்குத் தனியாகத் தெரியவில்லை.

முதல் கண்ணாடி போய்விட்டது. நீ லேசரை மறைத்திருந்த அட்டையை விலக்கிய நேரத்தில் தெருவில் ஒரு டிராக்டர் திரும்பியது. கழுவிக் காயவைத்துப் பார்த்தால் வெறும் சாம்பல் கண்ணாடி. எக்ஸ்ரே இருட்டறையில் எனக்குச் சிவப்பு பல்பு பழக்கம். உன் கண்ணாடிக்கோ சிவப்புதான் எமன், மங்கின பச்சை வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறிக் கழுவினேன். தப்பு என்னுடையதோ என்று எனக்குப் பயம். நீதான் "டிராக்டர்க்காரனத் திட்டு, உன்னத் திட்டிக்காத" என்றாய்.

இரண்டாவது கண்ணாடியில் அம்மன் வந்தாள். முகம் மட்டும். பட்டும் மாலையும் இருந்த இடம் கழுத்திலிருந்து பாதம்வரை கருங்குழியாக இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்த பூசாரி இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"உடம்பு எங்க தம்பி?"

"பூவும் துணியும் நம்ம கண்ணுக்குத் தெரியாம ஆடிக்கிட்டே இருக்கும் சாமி. ஆடுறது இதுல விழாது. ஆத்தா ஆடல, அதனால முகம் விழுந்துருக்கு. மாலையையும் பட்டையும் எடுத்துட்டா முழுசா வருவா."

"அலங்காரம் இல்லாம நிப்பாட்டச் சொல்றியா?"

"அபிசேகத்துல நிக்கிறாள்ல சாமி."

பூசாரி மேல்துண்டை இடுப்பில் கட்டினார். பிறகு அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டு, மாலையையும் பட்டையும் தன் கையாலேயே எடுத்தார். எடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் அண்ணே, நீ கருங்கல் பலகைக்கு அந்தப் பக்கம் தரையில் சரிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். இடது தோளை வலது கையால் பிடித்திருந்தாய். உதடு வெளுத்திருந்தது. நான் ஆஸ்பத்திரிகளில் பதினெட்டு வருசம் வேலை பார்த்தவள். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"நெஞ்சு வலிக்குதா?" என்று காதருகில் கேட்டேன்.

"வாயு. காலையில பணியாரம் தின்னேன்ல."

"மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். எந்திரி."

"இது கடைசிக் கண்ணாடி பேச்சி. நாளைக்கு ஆத்தா போயிருவா. அரை நிமிசம். அரை நிமிசம் குடுத்தா போதும்."

எழுந்து அட்டையைப் பிடித்தாய். பிடித்த கை நடுங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாய். பிறகு அட்டையை என்னிடம் கொடுத்து, "நீ எடு. பலகைல படாம மெதுவா தூக்கு. நான் விரல மடக்கிக் காட்டுறப்ப மூடிரு. அப்புறம், இத உங்க அண்ணிகிட்டச் சொல்லாத" என்றாய்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அட்டையைக் கீழே போட்டுவிட்டு மச்சானைக் கூப்பிட்டு உன்னைத் தூக்கியிருக்கலாம். சொல்லவில்லையே. உன் முகத்தைப் பார்த்தேன், பூசாரியின் முதுகைப் பார்த்தேன், அட்டையைத் தூக்கினேன். சிவந்த வெளிச்சம் கண்ணாடி வழியாகப் போய் அம்மன்மேல் விழுந்தது. யாரும் மூச்சுவிடவில்லை. நான் அம்மனைப் பார்க்கவில்லை, உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை நிமிசம் இன்னும் முடியவில்லை எனக்கு.

மூன்றாவது கண்ணாடி முழுசாக விழுந்தது. பாதத்து விரல்வரைக்கும் தெரிந்தது. சிவப்பு வெளிச்சத்தில் எடுத்தது காய்ந்ததும் பச்சையாகிவிட்டதைப் பார்த்து நான் பதறினேன். "கழுவுறப்ப மருந்துப் படலம் சுருங்கும், சுருங்கினா நிறம் மாறும், தப்பில்ல" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து, வாயுவாகத்தான் இருக்கும் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். திரும்பும்போது மேலூரில் இறங்கச் சொன்னேன். "நாளைக்கு உன் சென்டருக்கே வந்து ஈசிஜி எடுத்துக்கிறேன்" என்றாய். திங்கள்கிழமை வரவில்லை. போன் செய்தேன், வகுப்பு இருக்கிறது என்றாய். செவ்வாய்க்கிழமை பரீட்சை வேலை என்றாய். புதன்கிழமை காலையில் குளிக்கப் போனவன் கதவைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. நாற்பது நாள் கழித்துக் கண்ணாடியை ஊருக்குக் கொண்டுபோனேன். அண்ணி வரவில்லை. அந்தக் கண்ணாடி இருக்கும் பக்கமே அவர் திரும்பவில்லை. தன் பழைய சேலையில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோவில் மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. நீ எழுதிவைத்திருந்தபடி மேலிருந்து சரிவாக ஒற்றை பல்பு விழும்படி மச்சான் மாட்டியிருந்தார். சேலையை விலக்கிக் கண்ணாடியைச் சட்டத்தில் வைத்தேன். கரண்ட் போய்விட்டது.

அரை மணி நேரம் பார்த்தோம், வரவில்லை. கூட்டத்தில் பேச்சுக் கிளம்பியது. "ஆத்தாளையும் அனுப்பிட்டோம், வெறுங்கண்ணாடியக் காட்டுறாக" என்று ஒரு குரல் கேட்டது.  உனக்குக் கெட்ட பேர் வந்துவிடுமே என்றுதான் அண்ணே பயந்தேன். நீ இல்லாத இடத்தில் உன்னைப் பொய்யன் என்று சொல்லிவிடுவார்களே?

வெயிலும் ஒரே பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம்தானே என்று தோன்றியது. சரியா தப்பா தெரியாது. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சூரியனுக்கு நேராகப் பிடித்தேன், ஒன்றும் இல்லை. சாய்த்தேன், என் முகம்தான் தெரிந்தது. இன்னும் சாய்த்தேன். எனக்கு இடது பக்கம் நின்றிருந்த குவாரி வேலைக்காரப் பெண் ஒருத்தி, தலைச்சும்மாட்டை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, "ஆத்தா!" என்று அலறினாள்.

அவள் நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அம்மன் நின்றுகொண்டிருந்தாள். பச்சைப்பசேல் என்று, கண்ணாடிக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில். ஊர்ப் பெரியவர் ஒருவர் வேகமாக வந்து கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படாமல் கையை எடுத்து, அந்தக் கையையே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பச்சையா இருக்காளே?" என்று யாரோ கேட்டார்கள்.

"மதுரையில மீனாட்சி என்ன நிறமாம்?" என்றாள் அந்தக் குவாரிக்காரி. அதற்கப்புறம் யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. வரிசையில் வந்து பார்த்தார்கள். நான் கை ஓய்கிறவரை பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பூசாரி வாங்கிப் பிடித்தார்.

உன் வாக்கு பலித்துவிட்டது. மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு நிம்மதியாவது வர வேண்டாமா? வரவில்லை. வீட்டுக்குப் போனால் அண்ணி கேட்பாரே என்ற நினைப்புதான். உன் காரியம் முடிந்த நாளிலிருந்து அண்ணி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "அன்னைக்கு ஊர்ல அவுக எப்படி இருந்தாக பேச்சி?" நானும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "நல்லாத்தான் இருந்தாரு அண்ணி." இரண்டு வருசமாக அதே கேள்வி, அதே பதில். தீபாவளிக்கு ஒரு தடவை, செல்வி பெரிய பரீட்சை எழுதிய அன்று ஒரு தடவை. (உன் மகள் பிசிக்ஸ் வேண்டாம் என்று காமர்ஸ் எடுத்துவிட்டாள் அண்ணே. அங்கேயிருந்து திட்டாதே.) வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணாடி முன்னால், அந்த அறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்டால் அதே பதிலை எப்படிச் சொல்வேன்?

மச்சானை பஸ் ஏற்றிவிட்டதும் எனக்கு வேலை ஓடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேரே வண்டியூருக்கு, உன் வீட்டுக்குப் போனேன். அண்ணி செல்வியின் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை நான்.

"அண்ணி, அன்னைக்கு ஊர்ல அண்ணனுக்கு நெஞ்சு வலிச்சுச்சு. நான் பார்த்தேன். உங்ககிட்டச் சொல்லாதன்னுச்சு. நானும் சொல்லல."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செவ்வாக்கிழமை விடியக்காலம்" என்று ஆரம்பித்தார். குரல் எங்கேயோ இருந்து வந்தது. "எந்திரிச்சு உட்கார்ந்துக்கிட்டு நெஞ்சத் தடவிவிடுன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். பரீட்சை வேலை முடியட்டும், வெள்ளிக்கிழமை நானே போறேன்னாக. 'பேச்சிகிட்டச் சொல்லிறாத, அவ சென்டரையே கூட்டிக்கிட்டு வந்து நிப்பா'ன்னாக. நான் உனக்கு போன் பண்ண எடுத்தேன் பேச்சி. எடுத்துட்டு வச்சிட்டேன்."

 தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்புறம் ஏன் அண்ணி எங்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமையே வலி இருந்துச்சுன்னு நீ ஒரு தடவை சொல்லிட்டா, நான் மட்டும் விட்டுறலன்னு ஆகும்ல. நீ ஒவ்வொரு தடவையும் நல்லாத்தான் இருந்தாருன்ன. அப்ப தெரிஞ்சது எனக்கு மட்டும்தான், விட்டது நான் மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

அண்ணே, உனக்கு என்ன நெஞ்சு இருந்தது? அவரிடம் சொல்லாதே என்று என்னிடமும், என்னிடம் சொல்லாதே என்று அவரிடமும் சொல்லிவிட்டுப் போய்விட்டாயே. எங்களில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் நீ இன்று கறைக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பாயோ? இல்லை, திறந்திருந்தாலும் நடந்தது நடந்துதான் இருக்குமோ? டாக்டரிடம் கேட்டால் ஏதாவது சொல்வார். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நான் சொன்ன ஒரு பொய்யால் அண்ணி இரண்டு வருசம் தன்னந்தனியாகக் கிடந்து வெந்திருக்கிறார் என்பது மட்டும் இப்போது தெரிகிறது. அதற்கு உன்மேல் பழி போட முடியாது. அது என்னுடையது.

அண்ணியும் தரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுது முடித்துவிட்டு அண்ணி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டோம். இதை நினைவு மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. அவுக சிநேகிதக்காரகளும் அம்பது வயசுக்காரகதான். படிக்கட்டும்" என்றார்.

கண்ணாடிக் கறை பற்றி உன் டிபார்ட்மெண்டில் உன் சிநேகிதர் ஒருவருக்கு போன் செய்தேன். ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து மருந்துப் படலத்தைத் தின்கிறதாம். பின்பக்கம் கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஓரங்களைக் காற்றுப் புகாமல் ஒட்டி, பூசை நேரத்தில் மட்டும் திரையை விலக்கினால் இன்னும் நெடுநாள் தாங்கும் என்றார். தாங்குமா என்று திரும்பக் கேட்டேன். "பார்ப்போம்மா" என்றார். அந்தப் "பார்ப்போம்" என்னை இன்னும் குடைகிறது. முகத்துக்கு வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அண்ணியும் நானும் பெயிண்ட் டப்பாவோடு போகிறோம். அதற்கு முன்னால் நாளைக் காலை எட்டு மணிக்கு அண்ணியை என் சென்டருக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுக்கப்போகிறேன். பிரசர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இத்தனை நாளாக மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார், உன் பெண்டாட்டி அல்லவா? அவருக்கு எடுத்த கையோடு எனக்கும் எடுத்துக்கொள்வேன். இனி என்னிடம் யார் வந்து, இதை இன்னாரிடம் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாலும், அது நீயாகவே இருந்தாலும், நேரே போய்ச் சொல்லிவிடுவேன் அண்ணே. இது சத்தியம்.

உன்மேல் கோபமும் பாசமும் குறையாத
உன் கூடப்பிறந்த தங்கச்சி
பேச்சியம்மாள்